சைக்கிள்காரனை ஊதச் சொல்ல மாட்டார்கள்

குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட்டுகிறவனைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று நான் சொன்னால் எங்கள் ஊரில் சிரிக்கிறார்கள். ஆண்கள் சிரித்தால் பரவாயில்லை, பெண்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் என்றால் சரியாம், கார் என்றால் சரியாம், லொறிக்காரன் என்றால் கட்டாயமாம். சைக்கிளுக்குமா? பாவம், வெயிலில் உழைத்த மனிசன், ஒரு கால் போத்தலை அடித்துவிட்டுத் தன்பாட்டில் வீட்டுக்குப் போகிறான், விழுந்தால் அவனுடைய முழங்கால்தானே உடையும் என்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சைக்கிளின் கரியரில் யார் இருக்கிறார் என்று இதுவரை ஒருத்தராவது கேட்டதில்லை. நான் சொல்லும் சைக்கிளின் கரியரில் என் மகள் இருந்தாள்.

என் வீட்டுக்காரர் மேசன். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் கட்டி அவர்தான் என் வீட்டுக்கு வந்தார், கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த வளவுக்கு. அந்த நாட்களில் சாராயம் என்றால் முகத்தைத் திருப்புகிற மனிசன். கல்யாண வீடுகளில் மற்ற ஆண்கள் வீட்டுக்குப் பின்னால் ஒதுங்கும்போது இவர் பந்தியில் சோறு போட்டுக்கொண்டிருப்பார். கொடுத்துவைத்தவள் என்று என்னைச் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு ஒன்றரை வயது. வெளியே சனம் கத்திக்கொண்டு ஓடியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் பிள்ளையைத் தன் சேர்ட்டுக்குள் விட்டு என் முந்தானையால் இறுக்கிக் கட்டினார், என்னைக் கரியரில் ஏறச் சொன்னார், டவுனுக்குப் போகும் வாவிப் பாலத்தைப் பார்த்து மிதித்தார். திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றார். நான் பார்த்தேன். பாலத்தடிக்கு வந்து சேர்ந்தபோது தண்ணீர் பின் சில்லைப் பிடித்துவிட்டது. அன்றைக்கு வீடு போனது. அவருடைய அண்ணன் போனார். நாங்கள் மூன்று பேரும் மிஞ்சினோம்.

அந்தக் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. கடலுக்கு முன்னால் சைக்கிள் ஓட்டினவன் என்று அவருக்குப் பெயர். மகளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் நானும் அந்தக் கதையைத்தான் சொன்னேன், அவளும் அதைக் கேட்டால்தான் வாயைத் திறப்பாள். முகாமில் இருந்த காலத்திலும், பிறகு புது வீட்டுத் திட்டத்தில் அவர் இரவு பகலாகக் கல் வைத்த காலத்திலும், அண்ணனை நினைத்து அழுதாரே தவிர ஒரு சொட்டைத் தொடவில்லை. இதை எழுதி வைக்கிறேன், பிறகு கதையை மாற்றிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கடல்தான் அவரைக் குடிகாரனாக்கியது என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். கடலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவரைக் குடிக்கப் பழக்கியது நான்.

இராணுவத்துக்கும் போராளி இயக்கத்துக்கும் சண்டை திரும்பவும் தொடங்கி, வாகரைப் பக்கத்துச் சனம் மூட்டை முடிச்சோடு வந்துகொண்டிருந்த காலம். பாலத்தடியில் ஆமியின் சோதனைச் சாவடி. சைக்கிளில் போகிறவர்கள் எல்லாரும் இறங்கி, உருட்டிக்கொண்டு, ஐசி என்கிற அடையாள அட்டையைக் காட்டிப் போக வேண்டும். ஆட்கள் வேலைக்குப் போய்த் திரும்பி வராத காலம் அது. ஒரு நாள் நாலு மணிக்கு வர வேண்டியவர் ஏழு மணிக்கு வந்தார். வயதைக் கேட்டார்களாம், கையை விரித்துக் காட்டச் சொன்னார்களாம், மேசன் வேலையின் காய்ப்பைப் பார்த்துவிட்டுத் துவக்குப் பிடித்துச் சுட்ட கை என்றார்களாம். அவருக்கு முன்னால் வெறியில் தள்ளாடிக்கொண்டு நின்ற ஒருத்தனை மட்டும் ஒன்றும் கேட்காமல் போ போ என்று விட்டுவிட்டார்களாம்.

பக்கத்து வளவுக்காரி என்னைவிடப் பத்து வயது மூத்தவள், எல்லாம் தெரிந்தவள். அவள்தான் எனக்கு விளங்கப்படுத்தினாள். இயக்கத்தில் குடி கூடாது என்பது ஊருக்கும் தெரியும், ஆமிக்கும் தெரியும். ஆகவே சாராயம் மணக்கிறவன் இயக்கமாக இருக்க மாட்டான். அவ்வளவுதான் கணக்கு. "வாயில கொஞ்சம் மணந்தாக் காணும் கா, ஐசியும் பாக்க மாட்டான்" என்றாள்.

அடுத்த நாள் அவள் மூலமாகவே ஒரு கால் போத்தல் எடுப்பித்துக் குசினியில் வைத்தேன். காலையில் அவருடைய சேர்ட் கொலரில் கொஞ்சம் தடவினேன், பிறகு மூடியில் ஊற்றி நீட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, வேண்டாம், குமட்டுது என்றார். நான் விடவில்லை.

"கொப்பளிச்சுத் துப்புங்க. விழுங்க வேணாம்."

துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அன்றைக்குச் சரியாக நாலு மணிக்கு வந்து சேர்ந்தார். ஐயோ, எனக்கு வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்வேன். அந்தச் சந்தோசத்தில் ஒழுங்கையில் இன்னும் இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு விடியற்காலையில் எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டு ஆண்கள் பல் விளக்கியபின் சாராயத்தால் வாய் கொப்பளித்தார்கள். கிணற்றடியில் நின்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம்.

எப்போது துப்பாமல் விழுங்கத் தொடங்கினார் என்று எனக்குத் தெரியாது. போத்தல் கெதியாக முடிந்தது, மூடி சரியில்லை, காற்றில் போகிறது என்று நினைத்தேன். என்ன அறிவு பாருங்கள். பிறகு நான் போத்தல் வாங்குவதை நிறுத்தியபோது அவருக்கு என் போத்தல் தேவைப்படவில்லை, டவுனில் தவறணை என்கிற சாராயக் கடை இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. திட்டினால், நீதானே தந்தாய் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன்.

யுத்தம் முடிந்தது. அழுகிறவர்கள் வீட்டுக்குள் இருந்து அழுதார்கள். கொஞ்ச நாளில் பாலத்தடியில் இறங்கி உருட்டத் தேவையில்லை என்றானது. அன்றைக்கே அவரிடம் சொன்னேன், இனி ஆமிக்குப் பயமில்லை, இதை விட்டுவிடுங்கள் என்று. ஓம் ஓம் என்றார். குடிகாரன் பேச்சு விடிஞ்சால் போச்சு என்பார்கள், இவருடைய பேச்சு விடியும்வரைகூடத் தாங்கவில்லை.

மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு. எனக்கு டவுனில் ஒரு தையல் கடையில் வேலை, ஐந்து மணிக்குத்தான் விடுவார்கள். பள்ளிக்கூடம் மத்தியானத்தில் விடும். வேலைக்கு இடையில் போய்ப் பிள்ளையை ஏற்றி வருவது அவருடைய பொறுப்பு. தவறணையிலிருந்து நேரே பள்ளிக்கூட வாசலுக்குப் போகிறார் என்று எனக்குத் தெரியவந்தது மகளின் வாயால்தான். ஒரு நாள் தலை இழுத்துவிடும்போது ஆசையாகச் சொன்னாள்.

"அப்பா இண்டைக்குப் பாட்டுப் படிச்சுப் படிச்சு வளைச்சு வளைச்சு ஓட்டினவர் அம்மா. பஸ்காரன் ஹோன் அடிச்சவன். நல்ல விளையாட்டு."

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு நடந்த சண்டை ஒழுங்கை முழுக்கக் கேட்டது. அவர் ஒரு மாதம் திருந்தினார், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. சைக்கிளைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனேன், கூட்டாளியின் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனார். பிள்ளையைக் கூட்டிவர வேறொரு தாயிடம் சொல்லி வைத்தேன், அவள் வாசலுக்குப் போகுமுன் இவர் போய் நின்றார். மகளோ அப்பாவைக் கண்டால் எல்லாரையும் தள்ளிவிட்டு ஓடுகிறவள். அவளுக்குச் சொன்ன கதை அப்படி. ஊருக்குச் சொன்னால் ஊர் என்னைத்தான் பார்த்துச் சிரித்தது. கடலுக்கே விழாமல் ஓட்டினவன், சாராயத்துக்கா விழப் போகிறான் என்றார்கள்.

வேறு வழி இல்லாமல் அரை நாள் லீவு போட்டுப் பொலிசுக்குப் போனேன். கட்டின புருசனைப் பிடித்துக் கொடுக்கப் போகிறோம் என்று தெரிந்தேதான் போனேன். தமிழ் பேசுகிற சார்ஜன்ட் ஒருவர் இருந்தார், நல்ல மனிசன், கதிரை தந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அடிக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். தெருவில் நின்று தூசணம் பேசுகிறாரா? இல்லை, பாட்டுத்தான் படிப்பார் என்றேன். வீட்டுக்குச் சாமான் வாங்கிப் போடுகிறாரா? போடுகிறார். சார்ஜன்ட் பேனையை மூடி வைத்துவிட்டார்.

"மோட்டார் சைக்கிளெண்டா நிப்பாட்டி ஊதச் சொல்லலாம் தங்கச்சி. சைக்கிள்காரனை நான் எந்தச் சட்டத்தில ஊதச் சொல்ற? அடிச்சா வாங்க, உடனே எழுதுறன்."

அடித்தால் வா என்றால் என்ன அர்த்தம்? அவர் அடிக்க மாட்டார் என்பதுதானே என் பிரச்சினையே. அடிக்கிற மனிசன் என்றால் பிள்ளை அவரைக் கண்டு ஒளிந்திருக்கும், கரியரில் ஏறியிருக்காது. வண்டியின் பாரத்தைப் பார்த்துச் சட்டம் போட்டிருக்கிறார்கள், அதில் ஏறியிருக்கிற உயிரைப் பார்த்துப் போடவில்லை. பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு நடந்து வரும் வழி முழுக்க இதை வாய்விட்டுப் பேசிக்கொண்டே வந்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

மூன்று கிழமை கழித்துக் கடைக்கு போன் வந்தது. வளைவில் ஓட்டோ ஒன்றுக்கு விலகப் போய்ச் சைக்கிளைச் சரித்துவிட்டார். பயத்தில் பிள்ளை காலை உள்ளே இழுத்திருக்கிறாள், வலது குதிக்கால் பின் சில்லுக் கம்பிகளுக்குள் போய்விட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தையல் போட்டு முடிந்துவிட்டது. அவர் கட்டிலுக்குக் கீழே தரையில் இருந்து, அவளுடைய சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். வெறி இறங்கியிருந்தது, ஆனால் மணம் போகவில்லை. அந்த மணம் எனக்கு நன்றாகத் தெரிந்த மணம்.

விபத்து என்றால் ஆஸ்பத்திரியில் பொலிஸ் வந்து எழுத வேண்டும். புத்தகத்தோடு ஒரு இளம் பொலிஸ்காரர் வந்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். இதற்காகத்தானே இவ்வளவு காலம் காத்திருந்தேன். வெறியில் ஓட்டினவர், எழுதுங்கள், நல்லா எழுதுங்கள் என்றேன். பொலிஸ்காரர் எழுதாமல் மகளைப் பார்த்தார். அவள் அழுதழுது வீங்கின முகத்தோடு என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"அப்பா குடிக்கல்ல. நான்தான் சும்மா கால விட்டன்."

ஆறு வயதுப் பிள்ளை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. பொலிஸ்காரருக்கும் அதுதான் வசதி. பிள்ளை பொய் சொல்கிறது என்று எழுதவா என்று என்னைக் கேட்டார். சைக்கிளில் கால் சிக்கியது, தற்செயல் என்று இரண்டு வரி எழுதி என் பக்கம் புத்தகத்தைத் திருப்பினார். நான் பேனையைத் தொடாமல் இருந்தேன். மகள் என் கையைப் பிடித்து இழுத்து, வைங்க அம்மா, வைங்க என்று மூச்சுத் திணற அழுதாள், தையல் போட்ட கால் கட்டிலில் அடிபட்டது. வைத்தேன். அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றைக்கும் என் கை எனக்கே பிடிக்காது.

காயம் ஆறியது, நரம்பு ஆறவில்லை. அவளால் ஓட முடியாது. இப்போது பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள், வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்கிற வேலை. நாள் முழுக்க நின்றால் குதிக்கால் வீங்கிவிடும். லீவில் வந்தால் சுடுதண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு இருப்பாள். அவர் அந்த விபத்துக்குப் பிறகு அவளைச் சைக்கிளில் ஏற்றவில்லை. குடியை விடவில்லை, சைக்கிளையும் விடவில்லை, ஏற்றுவதை மட்டும் விட்டார். அதற்கும் ஊரில் அவருக்கு நல்ல பெயர்.

போன லீவில் சுடுதண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு நான் வழக்கம்போலத் தொடங்கினேன், சைக்கிள்காரனுக்கும் சட்டம் வர வேண்டும், பிடித்து அடைக்க வேண்டும் என்று. அவள் இடைமறித்தாள்.

"நீங்க ஆரை அடைக்கச் செல்றீங்கெண்டு தெரியுமா அம்மா? என்ட அப்பாவை."

"ஓம்," என்றேன். "முதல்ல அவரை. மறுகா என்னை."

ஏன் உங்களை என்று கேட்பாள், கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். கடல் கதையை அத்தனை தரம் சொன்ன நான் கொப்பளிக்கக் கொடுத்த கதையை அவளுக்கு ஒரு தரமும் சொன்னதில்லை. அவள் கேட்கவில்லை. தண்ணீருக்குள் காலை அசைத்துக்கொண்டு, தனக்குத் தெரியும் என்றாள், ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலேயே அப்பா சொல்லிவிட்டார் என்றாள்.

"அம்மாவைக் குறை நினைக்க வேணாமெண்டு செல்லினவர். அந்தக் காலத்தில தன்னை உயிரோட வெச்சிருந்தவ அவதானெண்டு செல்லினவர்."

அப்படிச் சொன்ன மனிசனைத்தான் பிடித்து உள்ளே போட வேண்டும் என்கிறேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.