நீச்சல் குளத்து உப்பு

நான் குடியிருந்த கட்டடத்தின் படத்துக்குக் கீழே 'கட்டப்படாதது' என்று எழுதியிருந்தார்கள்.

சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் படம் மாட்டும் வேலைக்குப் போயிருந்தேன். அதற்கு முன்பு மங்களூரில் படகுகளுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் ஏணி ஏற முடியுமா என்று கேட்டுவிட்டுத்தான் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துக் கடற்கரை ஓட்டல்களின் தபால் அட்டைகளும், அவற்றைக் கட்டுவதற்காக வரைந்த படங்களும் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்திறங்கின. ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வந்தபோது ஓர் அட்டையில் பறவை இறக்கை விரித்ததுபோல ஒரு கூரை. கூரைக்குக் கீழே நீல நீச்சல் குளம். குளத்தோரம் தொப்பி வைத்த ஒரு பெண், முகம் இல்லாமல். அவளை எனக்கு நன்றாகத் தெரியும். அவளைப் பார்த்துக்கொண்டேதான் இரண்டு வருடம் சோறு தின்றேன்.

எழுதினவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கூரை கடைசிவரை வரவில்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்கள் முடிந்து கடல் தொடங்கும் இடத்தில், சுவர்களும் ஒரு படிக்கட்டும் நீலக் கல் பதித்த குளமும் மட்டும் எழும்பி நின்றன. முதலாளிக்குப் பணம் தீர்ந்துவிட்டது. ஆனால் அட்டைகளை முன்னதாகவே அச்சடித்துவிட்டார். கூரை போட்டிருந்த ஒரே அறையில் அவை கட்டுக்கட்டாகக் கிடந்தன. அதே அறையில்தான் நாங்களும் கிடந்தோம். சுவரில் பெரிய வரைபடம் ஒட்டியிருந்தது. அதில் மெலிந்து உயர்ந்த மனிதர்கள் மாடியில் சாய்ந்து நின்றார்கள், குடை பிடித்தார்கள், குளத்தில் கால் நனைத்தார்கள். ஒருவருக்கும் கண் மூக்கு கிடையாது.

அப்பா அங்கே காவல்காரர். அதற்கு முன்பு திரேஸ்புரத்திலிருந்து படகில் போய்ச் சங்கு குளித்தவர். ஆழத்தில் இரண்டு காதும் போய்விட்டன. கிட்டத்தில் வந்து கத்தினால் கொஞ்சம் கேட்கும். முதலாளி அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: ஓட்டல் திறந்ததும் அவர் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு குளத்தோரம் உட்கார்ந்து, குளிக்கிறவர்கள் மூழ்கிப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குக் காது தேவையில்லை, கண் போதும். அப்பா அதை அப்படியே நம்பினார். தினமும் காலையில் காய்ந்த குளத்துக்குள் இறங்கி மணலைப் பெருக்குவார்.

அம்மா பக்கத்து உப்பளத்தில் கூலிக்குப் போனாள். அவளுக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஒருநாள் தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆறுமுகநேரிக்கு, பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அங்கேயும் உப்பளம் உண்டு. வாசலில் நின்று, அப்பா வாயசைவைப் பார்ப்பதற்காக அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"இந்தக் குளத்துல என்னைக்குத் தண்ணி நிக்கோ, அன்னைக்கு வாரேன்."

அது ஏச்சு என்று எனக்குத் தெரியவில்லை. தேதி குறித்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது.

பள்ளிக்கூடம் தொலைவு. கொஞ்ச நாளில் நின்றுவிட்டேன். கூரையில்லாத அறைகளில் ஒரு நாளைக்கு ஒன்றில் குடியேறுவேன். ஜன்னல் ஓட்டை வழியாகக் கடல் தெரியும். வரைபடத்து ஆட்களோடு பேசிப் பார்த்து அலுத்துப்போய், அட்டைகளைச் சுவரோரம் நிறுத்தித் தெரு அமைப்பேன். காற்று வந்து தெருவை அள்ளிக்கொண்டு போகும். ராத்திரி நாய் குரைத்தால் அப்பாவை உலுக்கி எழுப்புவது என் வேலை. காவல்காரர் அவர். கேட்பது நான்.

பங்குனியில் அப்பா உப்பளத்துக் கங்காணியிடம் போய்த் தண்ணீர் இறைக்கும் எண்ணெய் இன்ஜினைக் கேட்டார். நானும் கூடப் போனேன்.

"எதுக்கு வே?"

கங்காணி அப்பாவிடம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். குளத்தை நிரப்பத்தான் என்று நான் சொன்னேன்.

"ஏலே, குளிக்க வாரது யாரு, நண்டா?" என்று சிரித்தார். இருந்தாலும் ஒரு மத்தியானம் ஓட்டிக்கொள்ளச் சொன்னார். "வாய்க்கால்லயே கொழாயப் போடும். கடல் வரைக்கும் இழுக்கண்டாம்" என்று அவரே யோசனையும் சொன்னார். உப்பளத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தண்ணீர் கொட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நீலக் கல்லின்மேல் படர்ந்து முழங்கால் அளவுக்கு வந்தது. அதற்குள் இன்ஜினைத் திரும்பக் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்பா சட்டையைக் கழற்றி இறங்கி, அந்த முழங்கால் தண்ணீரில் குப்புறப் படுத்து மிதந்தார். எழுந்தபோது கண் சிவந்திருந்தது. தண்ணீர் கொழகொழவென்று எரிச்சலாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

நான் ஓர் அட்டையை எடுத்து, தொப்பிக்காரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பையனை வரைந்தேன். அவனுக்குக் கண், மூக்கு, வாய் எல்லாம் வைத்தேன். ஆறுமுகநேரிப் பக்கம் போய்வரும் உப்பு லாரிக்காரரிடம் கொடுத்து அம்மாவிடம் சேர்க்கச் சொன்னேன். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அம்மா உடனே வரவில்லை. வெயில்தான் வந்தது. குளம் நாளுக்கு நாள் வற்றியது. ஓரங்களில் வெள்ளை கட்டியது. ஒருநாள் காலையில் இறங்கினால் அடி முழுக்க உப்பு, காலடியில் நொறுங்கியது. கடலோரம் பிறந்து கடலில் மூழ்கிச் சங்கெடுத்த அப்பாவுக்கு உப்பளத்துத் தண்ணீர் தெரியாது. வாய்க்காலில் ஓடியது உப்புப் பாத்திக்குப் பாய்ச்சுவதற்காக வெயிலில் காய்ந்து பக்குவம் ஏறிய தண்ணீர். அது குளிக்கிற தண்ணீர் அல்ல, அரை உப்பு. அப்பா கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வாரம் மணல் பெருக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அம்மா வந்தாள். லாரி அவளை மட்டும் இறக்கிவிட்டது. கையில் மடித்த ஒரு காலித் துணிப் பை. லாரிக்காரர் தலையை நீட்டி, "சாயங்காலம் வாரேன். முன்னால ரெண்டு பேருக்கு எடம் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் குளத்தோரம் வந்து நின்றாள். படத்துத் தொப்பிக்காரி நிற்கும் அதே மூலை. அவள் வெள்ளையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள். அப்பாவும் என்னவென்று தெரியாமலே கொஞ்சம் சிரித்தார்.

"உங்கள நம்பி ஒரு பாத்தியக் குடுத்தா என்ன? நல்லா வெளைய வச்சிருக்கியளே" என்றாள்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினாள். குதிகாலால் அழுத்திப் பார்த்தாள். என்னை உப்பளத்துக்கு ஓடவிட்டு, உப்பு வாரும் பலகையை வாங்கிவரச் சொன்னாள். வெயிலில் அவள் இழுக்க, அப்பா ஓலைப்பெட்டியில் சுமந்து கரையில் குவித்தார். நீலக் கல் மறுபடியும் தெரிய ஆரம்பித்தது. அன்றைக்கு எங்கள் வீடு எல்லார் வீட்டையும்போல இருந்தது.

நடுவில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது அம்மா என் தலையை விரலால் கோதினாள். உப்புக் கை, உச்சந்தலை எரிந்தது.

"ராத்திரி நீ எங்கன படுக்க?"

"அப்பா பக்கத்துல."

"பயமா இல்லையா?"

"அப்பாக்கு ஒண்ணும் கேக்காதுல்லா. யாரும் வந்தா நான்தான் எழுப்பணும்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அம்மா கோதுவதை நிறுத்தினாள். குவியலில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி வந்து ஹாரன் அடித்தது. அப்பா அசையவில்லை. நான் போய் உலுக்கினேன். அவள் அதையும் பார்த்தாள். பிறகு பையை உதறி விரித்து, குவியலில் வெள்ளையாக இருந்த பக்கமாகப் பார்த்து இரண்டு கையாலும் அள்ளி, வாய்வரை நிரப்பிக் கட்டினாள்.

லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன, ரெண்டு பேருன்னுல்லா சொன்னிய?"

"அந்த எடத்துல இதை வைங்க அண்ணாச்சி" என்று உப்பைத் தூக்கிக் கொடுத்தாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உப்புக்கு லாரியில் ஆள் உட்காரும் இடம்! அம்மா சிரிக்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஏறினாள். உப்பளத்துக் கரையில் லாரி மறையும்வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு நம் உப்பு பிடித்துவிட்டது, தீர்ந்தால் மறுபடியும் வருவாள். எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். மறுநாள் விடிந்ததும் அப்பாவின் காதருகே போய், கங்காணியிடம் இன்னொரு தடவை இன்ஜின் கேட்கச் சொல்லிக் கத்தினேன்.