அறுபத்தேழாம் நம்பர்

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு டெலிபோன் ஆபீசில் சேர்ந்தவள் ஆதிலட்சுமி. திருவண்ணாமலையில் யார் யாரைக் கூப்பிட்டாலும் அவள்தான் ஒயரைச் செருகி இணைப்புக் கொடுக்க வேண்டும். ஒட்டுக் கேட்பது தப்பு என்று சட்டம். கேட்காத ஆபரேட்டர் எந்த ஊரில் இருந்தாள்?

எமர்ஜென்சியில் அந்தத் தப்பே உத்தியோகமாகிவிட்டது. எழுபத்தாறு பங்குனியில், மஃப்டியில் வந்த போலீஸ்காரர் ஒரு நோட்டைக் கொடுத்து, அச்சகம் வைத்திருந்த பரசுராமனின் அறுபத்தேழாம் நம்பரில் பேசுவதையெல்லாம் எழுதி வைக்கச் சொன்னார். ஏன் எதற்கு என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று வருஷம் முன்னால் அவளைப் பெண் பார்க்க வந்து, இரண்டு தட்டு கேசரியைத் தின்றுவிட்டு, ஆபீஸ் போகிற பெண் வேண்டாமென்று சொல்லியனுப்பிய மகராசன்தான் அந்தப் பரசுராமன்.

அரசாங்கத்தைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை. பேசியதெல்லாம் பெண்டாட்டி உண்ணாமலையோடுதான். பிரசவத்துக்குப் போனவள், குழந்தைக்கு மூன்று மாதமாகியும் கீழ்பென்னாத்தூரில் தாய்வீட்டில் இருந்தாள். அங்கே போன் இருந்தது அப்பாவின் வேர்க்கடலை மண்டியில், சுற்றிலும் ஆட்கள். எப்படிக் கொஞ்சுவது? அதனால் புருஷனும் பெண்டாட்டியும் மல்லாட்டை வியாபாரம் பேசினார்கள். "மல்லாட்டை காயுதுங்களா?" என்பாள் அவள். "ரொம்ப ஜாஸ்தியா காயுது" என்று சிரிப்பான் அவன். காய்வது மல்லாட்டை இல்லை, அவன்தான் என்று முதல் நாளே ஆதிலட்சுமிக்கு விளங்கிவிட்டது. வயிறு எரிந்தது. அந்தச் சிரிப்பு தனக்கு வந்திருக்க வேண்டியது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு வெட்கப்படவும் இல்லை.

"பௌர்ணமிக்கு மூட்டை வந்துடும்" என்றாள் உண்ணாமலை ஒருநாள். குழந்தையோடு புறப்பட்டு வருகிறாளாம். ஆதிலட்சுமி அதை அப்படியே எழுதினாள். ஒரு எழுத்துக் கூட்டவில்லை.

போலீஸ்காரர் படித்துவிட்டு நிமிர்ந்தார். சித்திரைப் பௌர்ணமிக்கு மலை சுற்ற ஜனம் திரளும். அச்சகக்காரனுக்கு வருகிற மூட்டை நோட்டீஸ் மூட்டையாகத்தான் இருக்கும் என்று அவருக்குப் பட்டது.

"மூட்டைன்னா இன்னாம்மா?"

"தெரியலைங்க சார்" என்றாள் ஆதிலட்சுமி.

மறுநாள் பரசுராமனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்த ஜெயில் என்று வீட்டாருக்குக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து அழைப்பு வந்தது. அறுபத்தேழில் யாரும் எடுக்கவில்லை என்றாள் ஆதிலட்சுமி.

"தெரியுங்கக்கா. நான் உங்களோடதான் பேசணும்" என்றாள் உண்ணாமலை. "லைன்ல நீங்க இருப்பீங்கன்னு எங்களுக்கு அப்பவே தெரியும். நாங்க இன்னா பேசினோம்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான். வந்து போலீஸ்ல சொல்லுங்கக்கா."

பின்னால் குழந்தை அழுதது. ஆதிலட்சுமிக்கு அப்போதும் அந்த 'எங்களுக்கு' என்ற சொல்லில்தான் வயிறு எரிந்தது. ஒயரைப் பிடுங்கினாள்.