மண் சரிந்த பாதைக்கு வாங்கிய பஸ்

அந்த வருஷத்து மழையில் புசல்லாவைப் பாதையில் ஒரு பெரிய வளைவு அப்படியே பள்ளத்தில் சரிந்து போனது. மாசக்கணக்கில் பாதை மூடிக் கிடந்தது. பஸ் வைத்திருந்தவர்கள் வந்த விலைக்கு விற்றுவிட்டு வேறு தொழில் தேடினார்கள். என்னைக் கட்டிய மாப்பிள்ளைக்கோ அதைக் கண்டு இருப்புக் கொள்ளவில்லை.

"எல்லாரும் பயந்து விக்கிற நேரம்தான் புள்ள நாங்க வாங்கோணும். பாதை தொறந்தா அந்த ரோட்டுல நம்மட பஸ் மட்டுந்தான் ஓடும்" என்றார். வாப்பா எனக்குச் சீதனமாகத் தந்த அக்குறணைக் காணியை விற்று, ஒரு பழைய பஸ்ஸை வாங்கி வாசலில் கொண்டு வந்து நிறுத்தினார். நான் எவ்வளவோ கத்திப் பார்த்தேன். யார் கேட்டது?

அரசாங்க ரோட்டுக் கந்தோர் ஆட்கள் சரிந்த இடத்தில் மண்ணும் கல்லும் கொட்டி நிரப்பிப் பாதையைத் திறந்தார்கள். புசல்லாவைக்குப் போகக் கண்டியில் பஸ் நிற்கிறது, ஏற ஆளில்லை. தோட்டத்துச் சனம் மூட்டையோடு வந்து பார்க்கும். "அந்த எடத்துல மண்ணு இன்னும் எறங்குதாமே" என்று சொல்லிவிட்டு, கம்பளை வரை ரயிலில் போய் மீதியை நடக்கும்.

"அந்த இடத்துல மட்டும் ஆக்கள எறக்கி நடக்க வச்சா என்ன?" என்று கேட்டேன். பாய்ந்து விழுந்தார். "ஒருதரம் எறக்கினா, பாதை சரியில்லன்டு நாங்களே சொன்ன மாதிரி. பொறகு எவன் காசு தந்து ஏறுவான்?"

கடைசியில் ஒரு காலையில் என்னிடம் வந்து, "நீ முன்னுக்கு இரி. முதலாளிட பொஞ்சாதியே போறா என்டா சனம் ஏறும்" என்றார். எனக்கு அப்போது ஏழு மாதம்.

"ஒங்களுக்கு என்ன பைத்தியமா?"

"காணி ஒன்ட காணி. அந்தக் காசு திரும்பி வரணுமா, வாணாமா?"

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஏறினேன். வெளியே நின்ற தோட்டத்து அம்மா ஒருத்தி என் வயிற்றைப் பார்த்தாள். "புள்ளத்தாச்சியே போறாங்க, நமக்கென்ன. ஏறுங்கடி" என்றாள். பஸ் நிரம்பிவிட்டது.

அந்த வளைவு வந்ததும் மாப்பிள்ளை படியிலிருந்து குதித்தார். "வீல் போற எடத்தப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேணும்" என்று முன்னால் நடந்து போய், "வா, வா" என்று டிரைவரைக் கூப்பிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு வாயில் வந்ததையெல்லாம் ஓதினேன். பஸ் ஒருதரம் சாய்ந்தது. பின்னாலிருந்தவள் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். ஒருவழியாகக் கடந்தோம்.

வியர்த்து ஊற்ற ஓடி வந்து, "சொன்னேனே, ஒன்டும் ஆகாதுன்டு!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பி வரும்போது கைக்குழந்தைகளோடு எல்லாம் ஏறியிருந்தார்கள். அதே இடத்தில் நான் இறங்கினேன்.

"இந்த முறை நீங்க இரிங்க. வீல நான் பார்க்கிறேன்."

அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்க அவரால் மறுக்க முடியவில்லை. என் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

நான் முன்னால் போய்த் திரும்பி நின்றேன். முன் வீல் கொட்டிய மண்ணில் ஏறியது. யா அல்லாஹ்! வீலுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாண் கூட இல்லை. உருள உருள ஓரத்து மண் உதிர்ந்து கீழே கொட்டியது. இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதானா காலையில் என்னையும் வயிற்றுப் பிள்ளையையும் வா வா என்று கூப்பிட்டார்? இப்போது நிறுத்தினால் இந்தப் பாதையில் இனி ஓட்டமில்லை, காணிக் காசும் அவ்வளவுதான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"நிப்பாட்டுங்க! எல்லாரும் எறங்குங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

பஸ் நின்றது. முதல் ஆளாகக் குதித்து இறங்கியவர் என் மாப்பிள்ளை.