ஸ்கோர் போடாத சனிக்கிழமைகள்

எண்பதுகளின் நடுவில், டெக்சஸில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில், எங்கள் சர்ச்சுக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் நான் ஒரு டி-பால் லீக் நடத்தினேன். பேஸ்பாலின் சின்ன வடிவம், ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கானது. பாளையங்கோட்டையில் பிசிக்ஸ் படித்து, பேஸ்பால் மட்டையைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு பெண்ணிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள் என்றால், எனக்கு முன்னால் இருந்தவர்கள் அதை எவ்வளவு சிறப்பாக நடத்தியிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

முந்தைய வருடம், ஓடி வந்த ஒரு குழந்தை, மைதான மூலையில் கிடக்கும் பேஸ் என்கிற சதுரத் திண்டைத் தொட்டதா இல்லையா என்ற உலகப் பிரச்சினையில் இரண்டு அப்பாக்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். இரண்டு பேருமே ஞாயிறு தோறும் காணிக்கைத் தட்டு ஏந்தி வருகிறவர்கள். பாஸ்டர் மனம் நொந்துபோய் ஒரு கூட்டம் கூட்டினார். இனிமேல் இது போட்டியே இல்லாத, பத்திரமான லீக் என்று அறிவித்தார். ஸ்கோர் கிடையாது. எல்லாக் குழந்தைகளும் அடிக்கும், எல்லாக் குழந்தைகளும் ஓடும், கடைசியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி மெடல்.

அந்தக் கூட்டத்துக்கு நான் காப்பி குடிக்கத்தான் போனேன். என் வீட்டுக்காரர் டெலிகாம் கம்பெனிக்குக் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். எனக்கு இருந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. கூட்டங்களில் உட்காரலாம். உட்கார்ந்தவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மட்டையைச் சுழற்றும் குழந்தைக்குப் பின்னால் இன்னொரு குழந்தை நின்றுகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். இத்தனை வருடமாக அப்படி ஒரு கேள்வி யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. பாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே லீக் என் தலையில் விழப்போகிறது என்று தெரிந்துவிட்டது. எனக்கு இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று அவசர அவசரமாகச் சொன்னேன். அதைவிடப் பெரிய தகுதி இருக்க முடியாது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "நீ காப்பி குடிக்கத்தான போன?" என்றார்.

"ஒரு டவுட் கேட்டேங்க."

"இனிமே எந்த மீட்டிங்லயும் டவுட் கேக்காத," என்று சொல்லிவிட்டு மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தார்.

டி-பாலில் பந்து வீசுவதற்கு ஆள் கிடையாது. குழந்தையின் இடுப்புயரத்துக்கு ஒரு ரப்பர் கம்பு, அதன் தலையில் பந்து. குழந்தை அதை அடித்துவிட்டு, நான்கு மூலைகளில் இருக்கும் பேஸ்களைச் சுற்றி ஓட வேண்டும், முழுச் சுற்று வந்தால் ஒரு ரன். அசையாமல் உட்கார்ந்திருக்கும் பந்தை அடிப்பதில் என்ன கஷ்டம் என்று நினைப்பவர்கள் ஐந்து வயதுக் குழந்தையைப் பார்த்ததில்லை. பாதி நேரம் கம்புக்குத்தான் அடி விழும். நான் என் அறிவுக்கு எட்டியபடி சில விதிகள் போட்டேன். தலைக்கவசம் இல்லாமல் மட்டையைத் தொடக் கூடாது. அடிக்கப்போகிற குழந்தை ஒன்றுதான் மட்டை வைத்திருக்கலாம், மற்ற எல்லோரும் கம்பிவேலிக்குப் பின்னால். அடித்ததும் மட்டையை அந்த இடத்திலேயே கீழே போட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். இந்தக் கடைசி விதியைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டியது. பிறகு குழந்தைகளே ஒருவருக்கொருவர் கத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை காலையில் எல்லோரும் வருவதற்கு முன் நானும் என் வீட்டுக்காரரும் புல்லைக் குனிந்து குனிந்து பார்ப்போம். டெக்சஸில் நெருப்பெறும்பு என்று ஒன்று உண்டு. அதன் புற்றை மிதித்த குழந்தைக்கு எந்த மெடல் கொடுத்தாலும் சமாதானம் ஆகாது.

பிள்ளைகளுக்கு இந்த லீக் ரொம்பவே பிடித்துப்போனது. பந்து எந்தப் பக்கம் போனாலும் இரண்டு டீமும் சேர்ந்து அதன்மேல் போய் விழுவார்கள். அடித்துவிட்டு நேரே அம்மாவிடம் ஓடுகிறவர்களும் உண்டு. லீக்கில் என் மகனும் இருந்தான், அவனைத் தூரத்தில் நிற்கவைத்தால் அண்ணாந்து விமானங்களை எண்ணிக்கொண்டிருப்பான். பந்து அவன் காலில் வந்து முட்டினாலும் நகர்ந்து வழிவிடுவான். ஒருநாள் என்னிடம் வந்து, "அம்மா, கேன் ஐ பி தி ட்ரீ டுடே?" என்று கேட்டான். விதிகளில் மரத்துக்குத் தடை எதுவும் இல்லாததால் சம்மதித்தேன். எல்லாம் முடிந்ததும் ஆளுக்கொரு குச்சி ஐஸ். வந்ததே அதற்குத்தான் என்பதைக் குழந்தைகள் மறைக்கவில்லை.

பெரியவர்கள்தான் மறைத்தார்கள். ஸ்கோர் போடக் கூடாது என்று சொன்னதும் எல்லாப் பெற்றோரும் பக்தியோடு தலையாட்டினார்கள். பிறகு ஒவ்வொருவரும் தனியாகக் கணக்குப் பார்த்தார்கள். டயர் கடை வைத்திருந்த ஒரு டெக்சஸ்காரர், கௌபாய் தொப்பியைக் குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது சந்தேகம், தன் மகளின் டீம் ரன் எடுக்கும்போதெல்லாம் ஒரு சூரியகாந்தி விதையை ஒரு பாக்கெட்டிலிருந்து இன்னொரு பாக்கெட்டுக்கு மாற்றினார். எதிர்த்த டீமில் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவரின் மகன் இருந்தான். அவர் மேற்கு மாம்பலம். காலேஜ் டீமில் கிரிக்கெட் ஆடியவர் என்பதை அறிமுகமான முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிடுவார். அவர் விரல் கணுக்களில் எண்ணினார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ ஜபம் செய்கிற மாதிரி இருக்கும்.

என்னிடம் அவர் நேராகவே கேட்டார்: "என்னங்க இது, மார்க்கே இல்லாத பரீட்சை? ஜெயிக்கறதுக்கு இல்லன்னா புள்ளைங்க எதுக்கு வெயில்ல ஓடணும்?"

குச்சி ஐஸுக்காக என்றேன். அவர் அதை நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்.

அவருடைய மகன் ஒல்லியான, சத்தம் போடாத பையன். தினமும் சாயங்காலம் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் அவனுக்கு அப்பாவின் கோச்சிங் நடந்தது. முட்டியை மடக்கு, தலையை ஆட்டாதே, பந்தைப் பார். பலன் தெரிந்தது. லீக்கிலேயே மிக அழகாக அடிக்கும் குழந்தை அவன்தான். ஒரே ஒரு குறை. அடித்ததும் ஓட மாட்டான். மட்டையை ஒழுங்காகக் கீழே வைத்துவிட்டு, திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அடித்தது சரியா என்று அவர் சொல்ல வேண்டும். அவர் "ஓடுடா" என்று அலறுவார். அதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டு அவன் இன்னும் கெட்டியாக நிற்பான். எனக்குப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். ஆனால் அப்பாக்களைத் திருத்துவது என் பொறுப்பில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை.

சீசனின் நடுவில் ஒரு சனிக்கிழமை, சூரியகாந்தி விதைகளும் விரல் கணுக்களும் ஒத்துப்போகவில்லை. ஒரு ரன் வித்தியாசம். கார் நிறுத்துமிடத்தில் இரண்டு பேரும் மிக மரியாதையாகச் சண்டை போட்டார்கள். மாம்பலத்துக்காரர் தன்னிடம் ஆதாரம் இருக்கிறது என்றார். அப்போதுதான் புதிதாக வாங்கிய, தோளில் தூக்கிச் சுமக்கும் வீடியோ கேமராவில் முழு ஆட்டத்தையும் எடுத்திருந்தார். தொப்பிக்காரர் அன்று மத்தியானமே அவர் வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து டேப்பைத் திருப்பித் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். மாம்பலத்துக்காரரின் மனைவி பஜ்ஜி போட்டுப் போட்டு அலுத்துப்போய் எனக்கு போன் செய்தார். டேப் முழுக்க அவர்கள் மகன் மட்டும்தான் இருக்கிறானாம். யார் ஓடினாலும், எங்கே ஓடினாலும், கேமரா அவனைவிட்டு நகரவே இல்லை. தகராறான அந்த ரன் நடக்கும்போது அவன் மூக்கை நோண்டிக்கொண்டிருந்தது மட்டும் துல்லியமாகப் பதிவாகியிருந்தது.

ஆதாரம் கைவிட்டதால், பெற்றோர்களே இரண்டு டீமாக ஒரு ஆட்டம் ஆடித் தீர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். நான் வேண்டாம் என்றேன். பாஸ்டர் இதை ஐக்கியம் வளர ஒரு வாய்ப்பாகப் பார்த்தார். முந்தைய வருடம் வளர்ந்த ஐக்கியத்தை அவருக்கு ஞாபகப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. தலைக்கவசம் போட வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக நின்றேன். இருந்தவை எல்லாம் குழந்தைகளுடையவை. ஆறடி ஆண்களின் உச்சந்தலையில் அவை கவிழ்த்த கிண்ணம் மாதிரி உட்கார்ந்திருந்தன. தொப்பிக்காரர் தொப்பிக்கு மேலேயே அதை வைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை குழந்தைகள் வேலிக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். மாம்பலத்துக்காரர் அடிக்க வந்தார். ரப்பர் கம்பின் மேல் அசையாமல் இருந்த பந்தை, வேகப்பந்து வீச்சாளரை எதிர்கொள்கிற முறைப்போடு கொஞ்ச நேரம் பார்த்தார். அடித்தார். நல்ல அடிதான். பிறகு ஓட ஆரம்பித்தார், மட்டையோடு. கிரிக்கெட்டில் அப்படித்தானே ஓடுவார்கள். பெரியவர்களுக்கும் அந்த விதியைச் சொல்லவேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முதல் பேஸில் தொப்பிக்காரர் பந்துக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். மாம்பலத்துக்காரர் கடைசி நேரத்தில் காலேஜ் நாட்களுக்கே போய்விட்டார் போல. குனிந்து, மட்டையை முன்னால் நீட்டி, கிரிக்கெட்டில் கோட்டைத் தொடுகிற வேகத்தில் பாய்ந்தார். அது தொப்பிக்காரரின் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டது. மரக்கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அவர் உட்கார்ந்தார், பிறகு படுத்தார். தலைக்கவசம் ஒரு பக்கமும் தொப்பி ஒரு பக்கமும் உருண்டன.

வேலிக்குப் பின்னாலிருந்து அந்த ஒல்லிப் பையனின் குரல் வந்தது. கோபம் இல்லை, கேலி இல்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்கிற குரல்.

"அப்பா, யூ ஆர் சப்போஸ்ட் டு டிராப் தி பேட்."

மற்ற பிள்ளைகள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மாம்பலத்துக்காரர் அப்போதுதான் கையிலிருந்த மட்டையைப் பார்த்தார். மெதுவாகக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு அந்த நிமிஷத்தில் அவர்மேல் இருந்த எரிச்சல் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பக்கத்தில் போய், "வாங்க, தூக்குவோம்," என்றேன். என் வீட்டுக்காரரின் ஸ்டேஷன் வேகன் காரில் தொப்பிக்காரரைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் மாம்பலத்துக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஸாரி சொல்லிக்கொண்டே வந்தார். தொப்பிக்காரர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். தான் அவுட்டா இல்லையா என்று மாம்பலத்துக்காரர் மனசாட்சிப்படி சொல்ல வேண்டுமாம். அவுட்தான் என்று இவர் ஒப்புக்கொண்டார்.

காலில் மாவுக்கட்டு. அதுவும் வலது கால், கார் ஓட்ட முடியாது. டெக்சஸில் கார் ஓட்ட முடியாதவன் வீட்டுச் சிறையில் இருப்பவன். அடுத்த திங்கட்கிழமை காலையில் மாம்பலத்துக்காரர் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். கட்டுப் பிரிக்கும்வரை தினமும் அவரை டயர் கடையில் இறக்கிவிட்டுத்தான் ஆபீஸ் போனார், திரும்பும்போது கூட்டி வந்தார். சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் ஒரே காரில் லீக்குக்கு வந்தார்கள். அந்தப் பயணங்களில் இவர் அவருக்கு கிரிக்கெட் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஐந்து நாள் ஆடுவோம் என்றதும் அவர் நம்பவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் யாரும் ஜெயிக்காமலே கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போவதும் உண்டு என்றதும் தொப்பியைக் கழற்றிவிட்டாராம். பிறகு எதற்கு எங்கள் ஊர் பிள்ளைகள் ஸ்கோர் போடாததற்கு நீ அவ்வளவு குதித்தாய் என்று கேட்டிருக்கிறார்.

விதைகளும் கணுக்களும் ஓய்ந்தன என்று சொல்லமாட்டேன். இப்போது இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து, சேர்ந்து எண்ணினார்கள். பேச்சு மும்முரத்தில் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை அந்தப் பையன் அடித்துவிட்டு வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தான். அப்பா டயர் அழுத்தம் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார், மைதானத்தைக் கவனிக்கவே இல்லை. பையன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு, வாசலில் இருக்கும் தபால்பெட்டியைப் பார்த்துவர நடக்கிறவன் மாதிரி, நிதானமாக முதல் பேஸை நோக்கி நடந்தான். யாரும் அவனை அவுட் செய்யவில்லை. பந்தின்மேல் எல்லாக் குழந்தைகளும் விழுந்து கிடந்தார்கள்.

சீசன் முடிவில் பாஸ்டர் சபைக்கு முன்னால் என்னை எழுப்பி நிறுத்தி, இந்த வருடம் ஒரு குழந்தைக்குக்கூடக் காயம் படவில்லை என்று பெருமையோடு சொன்னார். முன்வரிசையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த தொப்பிக்காரர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார்.

மேலும் இரண்டு சீசன் நடத்தினேன். பிறகு கிரீன் கார்டு வந்தது, எனக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே வருடா வருடம் எல்லோரையும் வரிசைப்படுத்தி, யார் மேலே யார் கீழே என்று சொல்வார்கள். பெரியவர்களின் இடம் அல்லவா, தலைக்கவசம் தருவதில்லை.