தோற்றுப்போன கவர்னரும் என் மகளும்

கவர்னருக்குத் தேர்தல் வைப்பார்கள் என்பதை எங்கள் வீட்டில் முதலில் ஒருவரும் நம்பவில்லை. "கவர்னரை மேலை இருந்து போடுறதெல்லோ? அதுக்கு ஆர் வோட் போடுறது?" என்று என் மனிசன் மேசையில் தட்டிக் கேட்டார். நானும் அவர் பக்கம்தான். இந்தப் பிரெஞ்சு நாட்டுக்கு வரமுந்தி ஊரில் நாங்கள் அறிந்த கவர்னர்மார் எல்லாரும் கொழும்பு அனுப்பி வந்தவர்கள். மகள் கரண்டியை வைத்துவிட்டு, "அமெரிக்காவிலை சனம்தான் தெரிவுசெய்யிறது, அப்பா" என்றாள். நூற்றிருபது வருசத்துக்கு முந்தி அங்கே ஒரு மாநிலத்தில் நடந்த கவர்னர் தேர்தல். கலாநிதிப் பட்டத்துக்கு அதைத்தான் ஆராயப் போகிறாளாம். உலகத்தில் வேறு விசயமே கிடைக்கவில்லையா என்று எனக்கு விசர் வந்தது.

அவள் ஸ்தேன் என்கிற ஊரில் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களிடம் வந்து, நான் வெங்காயம் வெட்ட, பக்கத்தில் நின்று பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் கதை சொல்வாள். சும்மா சொல்லக்கூடாது, கதை நல்லாத்தான் இருந்தது. போட்டியிட்ட மனிதர் ரயிலில் ஊர் ஊராகப் போவாராம். கடைசிப் பெட்டியின் வாசலில் நின்று பேசுவாராம், சனம் கீழே தண்டவாளத்தில் நின்று கேட்குமாம். பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போய்ச் சுடுதண்ணீர் குடித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவாராம். அங்கே பெண்களுக்கு அப்போது வோட் இல்லையாம். "அப்ப உருப்பட்ட மாதிரித்தான்" என்றேன். ஆனாலும் அந்த மனிதர் மெல்ல மெல்ல எங்கள் வீட்டு ஆளாகிவிட்டார். லா சப்பல் தெருவில் நான் வேலைக்கு நிற்கிற சேலைக்கடைப் பிள்ளைகள்கூட, "அக்கா, உங்கடை கவர்னர் எப்பிடி இருக்கிறார்?" என்று பகிடி பண்ணுவார்கள்.

ஒரு ஞாயிறு அவர் தோற்றுப்போனார். அதுவும் பிறந்த ஊரில் வோட் விழாமல்.

"ஏன் பிள்ளை?"

"அங்கை அவர் போகேல்லை, அம்மா. தன்ரை ஊர்தானே, எல்லாரும் தனக்குப் போடுவினம் எண்டு விட்டிட்டார்."

"விசரன்! நேரை வந்து சொல்லாட்டி ஆர் போடுவினம்?" எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில் கறி அடிப்பிடித்துவிட்டது.

எங்கள் ஆட்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒரு நல்ல காரியம் என்றால் வீடு வீடாகப் போய்ச் சொல்லவேண்டும். தட்டத்தில் குங்குமம், சந்தனம், கற்கண்டு வைத்து நீட்டி, "கட்டாயம் வரவேணும்" என்று வாய்திறந்து கேட்கவேண்டும். போனில் சொன்னால் அது சொன்ன கணக்கில்லை. மகள் பெரியபிள்ளையானபோது சாமத்திய வீட்டுக்கு நானும் மனிசனும் மழைக்குள்ளே ஓல்னே, எபினே என்று ஊர் ஊராக ரயிலும் பஸ்ஸுமாக அலைந்து சொன்னோம். அவளும் முகத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள்.

அப்படி வளர்த்த பிள்ளைதான், தன் பெரிய நாளைப் பற்றி எனக்குப் போனில் பிரெஞ்சில் நாலு வரி எழுதி அனுப்பினாள். சுத்னான்ஸ் என்பார்கள், பேராசிரியர்மார் முன்னால் இருந்து கேள்விகளுக்கு மறுமொழி சொல்கிற நாள். அதில் தேறினால்தான் பட்டம். ஆரும் போயிருந்து கேட்கலாம். ஆனால் எல்லாம் பிரெஞ்சில் நடக்கும், அலுப்பாயிருக்கும், வேலையை விட்டுவிட்டு நீங்கள் வரத் தேவையில்லை என்று எழுதியிருந்தாள்.

அத்தனை வருசக் கதையை வெங்காயத்தோடு கேட்டவள் நான். அந்த நாளில் நான் இல்லாமலா?

"பிள்ளைதானே, சொன்னாலென்ன, சொல்லாட்டிலென்ன, போவம்" என்றார் மனிசன்.

"வேண்டாம் எண்டு எழுதின இடத்துக்கு நான் வரமாட்டன். நீங்கள் வேணுமெண்டாப் போங்கோ."

"சரியப்பா" என்றுவிட்டு அவர் தேத்தண்ணியைக் குடித்தார். அந்தச் 'சரி'யும் எனக்குப் பிடிக்கவில்லை.

சுத்னான்ஸுக்கு முந்தின ஞாயிறு வாசல் மணி அடித்தது. திறந்தால் மகள். கையில் வீட்டுத் திறப்பு இருக்க, பிறத்தியாள் மாதிரி வெளியே நின்று மணி அடித்திருக்கிறாள். மற்றக் கையில் எவர்சில்வர் தட்டம்: குங்குமம், சந்தனம், கற்கண்டு. எங்கள் கடைக்குப் பக்கத்தில்தான் வாங்கியிருக்கிறாள், தட்டத்தில் விலை ஒட்டியதைக்கூடக் கிழிக்கவில்லை.

"அம்மா, அப்பா, வாற வெள்ளிக்கிழமை என்ரை சுத்னான்ஸ். நீங்கள் ரெண்டுபேரும் கட்டாயம் வரவேணும்." முழுக்கத் தமிழில், பாடமாக்கி வந்தவள்போலச் சொன்னாள். பிறகு பாடமாக்காததையும் சொன்னாள். "நீங்கள் முன்னாலை இருந்தால் அழுதிடுவன் எண்ட பயத்திலைதான் வரவேண்டாம் எண்டனான். நேற்று அந்தத் தோத்த மனிசன்ரை ஊர்க் கதையைத் திரும்ப வாசிக்க வெக்கமாப் போச்சு, அம்மா."

என் செல்லமே என்று அள்ளவேண்டும் போலிருந்தது. ஆனால் இரண்டு கிழமைக் கோபத்தை உடனே கீழே போட முடியுமா? குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, "பாப்பம் பிள்ளை, கடையிலை லீவு தருவினமோ தெரியாது" என்றேன்.

"என்ன கதை விடுறீர்?" என்று பின்னாலிருந்து மனிசனின் குரல். "உம்மடை லீவை நீர் போன கிழமையே எடுத்தாச்சு. சீலையும் அயன் பண்ணி அலுமாரியிலை தொங்குது."

நான் களவாய் லீவு எடுத்ததும் தெரிந்துகொண்டுதான் இவ்வளவு நாளும் மனிசன் தேத்தண்ணி குடித்திருக்கிறார்! மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அவள் கையிலிருந்து தட்டத்தை வாங்கினேன்.

"எத்தினை மணிக்குப் பிள்ளை வரவேணும்?" என்று கேட்டேன்.