அம்சவேணி போட்ட கறுப்பு வெள்ளைப் படம்

சித்தூர் மாங்கூழ் ஆலையில் பழம் தரம் பிரிக்கிறவள் அம்சவேணி. வயது ஐம்பத்திரண்டு. பழத்தைக் கையில் எடுத்தாலே உள்ளே அழுகலா, இல்லையா என்று சொல்லிவிடுவாள். பழைய சினிமாவையும் அப்படித்தான் பார்ப்பாள்.

"அவ அழுவுறது பெரிசில்லடி. காமிரா அவ மூஞ்சிய விட்டுட்டு அணைஞ்ச அடுப்பக் காட்டுது பாரு, அதான் டைரக்டரு."

இருபத்தெட்டு வயதில் கணவனைப் பறிகொடுத்து, அழக்கூட வராமல் கல்லாய்ச் சமைந்திருந்தவளை, டிவியில் ஓடிய ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான் வாய்விட்டுக் கதற வைத்தது. அன்றிலிருந்து அந்தப் படங்கள் அவளுக்குப் பிறந்த வீடு.

ஆலை ஓய்வறையில் சனிக்கிழமை மதியம் படம் போடுவார்கள். எப்போதும் புதுப்படம்தான். அவள் விடாமல் கேட்டதில் சூப்பர்வைசர் ஹரிபிரசாத் இறங்கி வந்தார்.

"போடும்மா. பாதியில ஜனம் எழுந்து போச்சுன்னா, அப்புறம் பழைய படம்னு பேச்சே எடுக்கக் கூடாது."

"ஒருத்தரும் ஏந்துக்க மாட்டாங்க சார்."

"நான் தலகாணி எடுத்துக்கினு வரேன்க்கா" என்று சிரித்தாள் உடன் வேலை செய்யும் பத்மினி.

அந்தக் காலத்தில் ஒரே நடிகர்களை வைத்துத் தமிழிலும் தெலுங்கிலும் தனித்தனியாக எடுத்த படம் அது. அவள் மகன் சுனில் இரண்டு பாகமாகப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்திருந்தான். இடைவேளை முடிந்தது. தத்துக் கொடுத்த பிள்ளையைத் திருப்பிக் கேட்டு, தாய் பங்களாக் கதவைத் தட்டினாள்.

"நா பிட்டனு இச்சேயண்டி!"

அம்சவேணிக்குத் திக்கென்றது. முதல் பாகத்தைத் தமிழில் ஏற்றிய சுனில், இரண்டாம் பாகத்தைத் தெலுங்கில் ஏற்றிவிட்டிருந்தான்! ரிமோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், திரும்பிப் பார்த்தாள்.

ஒரு தலைகூட அசையவில்லை. வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்கும் பேசுகிற ஜனம். திரையில் கதவு திறக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் பிள்ளையின் நிழல் மட்டும் ஓடி வந்து நின்றது. தாய் அந்த நிழலைத் தடவினாள். பத்மினி தலையணையை மார்போடு இறுக்கிக்கொண்டு விம்மினாள்.

அம்சவேணி ரிமோட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

படம் முடிந்தும் யாரும் எழவில்லை. "பாவி, தமிழ்ல எப்படிக் கெஞ்சுறா!" என்றாள் பத்மினி. "தெலுங்குல இல்ல கெஞ்சினா?" என்றார் ஹரிபிரசாத், கண்ணாடியைத் துடைத்தபடி.

"அவ மூஞ்சில கெஞ்சினா சார்" என்றாள் அம்சவேணி. "அடுத்த சனிக்கிழமை எந்தப் பாஷையில போடட்டும்?"

"எதுலன்னா போடும்மா" என்றார் ஹரிபிரசாத். " கறுப்பு வெள்ளையா இருக்கட்டும்."