ஒரே கையில் இரண்டு குப்பிகள்

ஊசியக்காவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கொண்டையைப் பிரித்து மறுபடி இறுக்கிக் கட்டுவாள். சுகாதார நிலையத்தில் தரை துடைக்கிற எனக்கு இது பதினோரு வருடப் பழக்கம். கொண்டை இறுகுவதைப் பார்த்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது அவள் வேலை. தொடையைத் தட்டிக்கொண்டே குழந்தையிடம் நியாயம் பேசுவாள். "என்னமோ உன் சொத்த எழுதிக் கேட்ட மாதிரி முறைக்கிறியே?" என்பாள். அது அழலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் ஊசி போட்டாகியிருக்கும்.

அவளுடைய பகையாளி எங்கள் மேலாளர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சோடா. தடுப்பு மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜில் அவருடைய சோடா பாட்டில்கள்தான் முதல் தட்டில் சட்டமாக உட்கார்ந்திருக்கும். பல் கூசுகிற மாதிரி குளிர வேண்டும் என்று திருகைக் கடைசிவரை திருப்பி வைப்பார். கக்குவான் இருமலைத் தடுக்கிற மருந்து குளிரில் இருக்கலாம், உறையக் கூடாது. உறைந்து இளகினால் பார்க்க மருந்து மாதிரியே இருக்கும், ஆனால் எதற்கும் உதவாது.

அக்கா சொல்லிப் பார்த்தாள்.

"சார், மருந்து டப்பாவுல ஐஸ் பிடிக்குது."

"ஐஸ் பிடிச்சா நல்லதுதானே, கெடாம இருக்கும். நீ ஊசியப் போடு. ஃப்ரிட்ஜ நான் பாத்துக்கறேன்."

பிள்ளைகளோடு வரிசையில் நின்ற அத்தனை தாய்மார் முன்னாலும் சொன்னார். அக்கா கொண்டையை இறுக்கினாள், அவ்வளவுதான். ஐஸைக் கரண்டிக் காம்பால் சுரண்டினாள், திருகைப் பின்னுக்கு நகர்த்தினாள், இளகிய மருந்தையே எடுத்துப் போட்டாள். மறுநாள் திருகு பழைய இடத்திலேயே இருந்தது. அவள் வேலை நிரந்தரமாக அந்த ஆளின் கையெழுத்து ஒன்று வேண்டியிருந்தது. அக்கா எனக்கு உயிர். ஆனாலும் அவள் சுரண்டியதை நான் பார்த்தேன், அதை இங்கே மறைக்க மாட்டேன்.

பிறகு தையல்காரியின் பெண் குழந்தைக்கு இருமல் வந்தது. ஐந்து மாதப் பிள்ளை. இருமி இருமி முகம் நீலம் பூக்கும், மூச்சை இழுக்கும்போது கூவுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். மூன்று ஊசியும் தவறாமல் போட்டிருந்தாள் தாய். பத்தொன்பது நாள் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தது. ஏன் சார் வந்தது என்று கேட்டவளிடம் சோடா சொன்ன பதில் இது: "வீட்டச் சுத்தமா வெச்சிருந்தா ஏன் வருது?"

அன்று அக்கா கொண்டையைத் தொடவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. "இந்த ஆள வெளுக்காம விடமாட்டேன்டி" என்றாள் என்னிடம், மெதுவாக. எனக்கும் அதே ஆத்திரம்தான்.

மேலிடத்திலிருந்து டாக்டரம்மா சோதனைக்கு வருகிற நாள் வந்தது. சோடா வெப்பநிலைப் பதிவேட்டைப் பெருமையோடு நீட்டினார். நாலு டிகிரி, நாலு டிகிரி, மூன்று மாதமும் காலை மாலை நாலு டிகிரி. காலையிலிருந்து பொழுது சாயும்வரை கரண்ட் இல்லாத நாளிலும் நாலு டிகிரிதான். அன்று அவர் லீவு என்பது எனக்குத் தெரியும், அவர் அறையைப் பெருக்கியவள் நான்.

அக்கா இரண்டு குப்பிகளை மேசையில் வைத்தாள்.

"டாக்டர், இது நான் வேணும்னே கட்டியா உறைய வெச்சு இளக வெச்சது. இது நம்ம ஃப்ரிட்ஜுல தினமும் இருக்கிறது. சார், ரெண்டையும் ஒரே கையில பிடிச்சு நீங்களே குலுக்குங்க."

"இதெல்லாம் எதுக்கு இப்போ?" என்று இழுத்தார் சோடா.

"குலுக்குங்க" என்றார் டாக்டரம்மா.

குலுக்கி வைத்தார். நல்ல மருந்து வெகுநேரம் கலங்கலாகவே நிற்கும், கெட்டது சீக்கிரம் அடியில் படியும். கால் மணி நேரம் காத்திருந்தோம். நான் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு குப்பியிலும் ஒரே மாதிரி பொடி இறங்கியது, மேலே தண்ணீர் தெளிந்தது. சோடாவின் முகத்தில் ஈயாடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு இனித்தது.

இன்றே இவரை வேறு ஊருக்கு மாற்றுகிறேன் என்றார் டாக்டரம்மா.

"வேண்டாம் டாக்டர். அங்கயும் ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கும். நாப்பத்தோரு பிள்ளைங்களுக்கு மறுபடி போடணும். சார் என்கூட வரட்டும். மருந்துப் பெட்டிய அவரே தூக்கட்டும், ஒவ்வொரு வாசல்லயும் அவர் வாயாலயே சொல்லட்டும். அப்புறம் உங்க இஷ்டம்."

அப்படியே நடந்தது. புதிதாக வந்த மருந்துப் பெட்டி அவர் தோளில், பட்டியல் அக்கா கையில், பஞ்சும் மற்றதும் என்னிடம். வாசலுக்கு வாசல் அவர் மென்று விழுங்குவார். "சத்தமா சொல்லுங்க சார், மாடியில இருக்கிறவங்களுக்குக் கேக்கல" என்பாள் அக்கா. ஒரு வீட்டில் திட்டினார்கள், ஒரு வீட்டில் சட்டையைப் பிடித்தார்கள். அக்கா விலக்கிவிடுவதற்கு அவசரமே படவில்லை.

நாற்பத்தொன்றாவது வீட்டைக் கடைசிக்கென்றே வைத்திருந்தாள். தையல்காரி எழுந்திருக்கவில்லை. மடியில் குழந்தை. சோடா சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"ஊசி போட்டது நீங்கதானே?"

"ஆமா."

"என் பிள்ளைக்குப் போட்டது ஐஸ் கட்டுனதுன்னு தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சுரண்டியதற்கு என்னைத் தவிர சாட்சி கிடையாது, நானும் காட்டிக் கொடுத்திருக்க மாட்டேன்.

"தெரியும். சுரண்டிட்டுப் போட்டேன்."

தையல்காரி மெஷின் மேலிருந்த துணியை ஒதுக்கினாள். அக்கா என்று கூப்பிடுகிறவள் அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"ஊரெல்லாம் சொல்றாங்களே, அந்த மாதிரி இப்பப் போடப்போற மருந்தக் குலுக்கி இங்க வைங்க. நானும் பாக்கணும்."

அக்கா குலுக்கி வைத்தாள். கால் மணி நேரம் நின்றோம். பெட்டியோடு சோடா ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம், தையல்காரியின் கண் இருவர் மேலும் மாறி மாறிப் போய் வந்தது. குழந்தை ஒருமுறை இருமியது. அக்காவின் கை கொண்டைவரை போய், தொடாமல் இறங்கிவிட்டது.

மருந்து கலங்கலாகவே நின்றது.

"சரி, போடுங்க" என்று தையல்காரி குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தை அக்காவை முறைத்துப் பார்த்தது. அக்கா அதனிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஊசியைப் போட்டாள்.